ஐஇஎல்டிஎஸ் தாண்டி வந்தாச்சு, இனி அசைன்மென்ட்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு முதுகலை படிக்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு, வங்கிக் கணக்கு, குளிருக்கு ஜாக்கெட் பற்றியெல்லாம் சொல்லித்தர ஆளிருக்கிறது. எழுத்து வேலையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. முதல் மார்க் வந்த பிறகுதான் ராத்திரியில் போன் வருகிறது.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 40 நிமிடத்தில் 250 வார்த்தை எழுதினீர்கள். இங்கே முதல் பருவத்திலேயே 2000, 3000 வார்த்தை கேட்பார்கள். இலக்கணத்தை ஓரளவு சமாளித்துவிடலாம். இடறுவது வேறு இடத்தில். புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் எழுதினால் நம்மூரில் முழு மார்க். இங்கே அதற்குப் பெயர் பிளேஜியரிசம், அதாவது எழுத்துத் திருட்டு. விசாரணை வரை இழுக்கும். அடுத்தவர் வரி என்றால் மேற்கோள் குறி, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் வேண்டும். சொந்த நடையில் எழுதினாலும் யாருடைய கருத்து என்று காட்டியாக வேண்டும். அங்கங்கே ரெண்டு சொல்லை மாற்றிப் போட்டால் அது சொந்த நடை ஆகிவிடாது.

அடுத்தது, கட்டுரையின் தொடக்கம். காவிரிப் பங்கீடு பற்றி நம் பிள்ளைகளை எழுதச் சொன்னால், முதலில் ‘நீரின்றி அமையாது உலகு’, பிறகு கரிகாலன், கல்லணை, தஞ்சை நெற்களஞ்சியம். வழக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பழக்கம், சட்டென்று போகாது. அதை அப்படியே வெட்டிவிட்டு இப்படித் தொடங்கிப் பாருங்கள்: நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 419 டிஎம்சி, உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை 404.25 ஆக்கியது. குறைத்ததில் 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம், தமிழ்நாட்டில் இருக்கும் நிலத்தடி நீர். கடலோரக் கடைமடையில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும்போது அந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும்? இதுதான் கேள்வி என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ‘அனைவரும் அறிந்ததே’ என்று எழுதாதீர்கள். திருத்துகிறவருக்கு வேதாரண்யம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தமிழ்ச் செய்தித்தாளை ஆதாரமாகக் காட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாகக் காட்டலாம். ஆதாரங்களைக் குறிப்பிடும் ஏபிஏ முறையில் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தர வேண்டும்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கு இலவச எழுத்து வகுப்புகளும், ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பேசும் ஆலோசனை நேரமும் உண்டு. நம்மவர்கள் கடைசி நாளில் போய், ‘பிழை திருத்திக் கொடுங்க’ என்று நிற்பார்கள். அங்கே பொதுவாகப் பிழை திருத்தித் தர மாட்டார்கள். ‘இந்தப் பத்தியில் என்ன சொல்ல வருகிறீர்கள்?’ என்பார்கள். வாயால் பதில் சொல்லும்போதே உங்களுக்கு வேண்டிய வாக்கியம் வந்துவிடும். அதனால் பாதி எழுதிய நிலையிலேயே போங்கள். முழுசாக முடியட்டும் என்று வெட்கப்பட்டுக் காத்திருக்காதீர்கள். வாக்கியம் கூடிவரவில்லை என்றால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க் என்ற கட்டுரைச் சொற்றொடர்த் தொகுப்பு இணையத்தில் இலவசம்.

சாட்ஜிபிடி பற்றி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விதி இருக்கும், கேட்டுவிட்டுத் தொடுங்கள். தொடாதவர்களும் ஒன்று செய்ய வேண்டும்: வரைவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை, இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை இயந்திரம் எழுதியதாக அவை தவறாகச் சொல்லின. உங்கள் மேல் சந்தேகம் வந்தால் கூகுள் டாக்ஸில் பதிவான திருத்த வரலாறு கைகொடுக்கும். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை உடனே பிளாக் செய்யுங்கள். இங்கிலாந்தில் 2022 முதல் அந்தச் சேவையே சட்டப்படி குற்றம்.

மார்க் பற்றி வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதுகலையில் பொதுவாக 50 தேர்ச்சி, 70 வந்தால் டிஸ்டிங்ஷன். 62 நல்ல மார்க். விளக்காமல் சொன்னால் அப்பா போனில் மௌனமாகிவிடுவார்.

பேராசிரியருக்கு மெயில் போடும்போது ‘ரெஸ்பெக்டட் சார், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ எல்லாம் வேண்டாம். தலைப்பில் பாடக் குறியீடு, உள்ளே ஒரே ஒரு கேள்வி, கீழே நீங்கள் எழுதிய பத்தி, அவ்வளவு போதும். கெடு நீட்டிப்பு வேண்டுமானால் கெடு முடிவதற்கு முன்பே கேளுங்கள். தாமதமானால் மார்க்கில் கை வைத்துவிடுவார்கள்.