சிலம்பம் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

முதலில், தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளின் கம்பு அநேகமாக அவரவர் நெற்றி உயரம் இருக்கும். பத்து வயதுப் பிள்ளை என்றால் நாலடிக்கும் மேலே. கையை நீட்டி, ஒரு காலை எடுத்து வைத்து வீசினால் சுற்றிலும் ஆறேழு அடிக்குக் கம்புதான். வியர்த்த கையிலிருந்து நழுவினால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று சுற்றுகிற பிள்ளைக்கே தெரியாது. என் மகள் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு பையன் கையிலிருந்து கிளம்பிய கம்பு, தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. மறுநாளே ஆசான் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டுவிட்டார். உங்கள் மைதானத்தில் கோடு இல்லையென்றால் 15 அடியாவது நீங்களே விட்டு நில்லுங்கள், கூட வந்த குட்டித் தம்பி தங்கைகளின் கையை விடாதீர்கள்.

ஐந்தரைக்கு வகுப்பு என்றால் ஐந்து இருபதுக்கு அங்கே இருங்கள். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, ஆசானுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் கம்பைத் தொடுவார்கள். அந்த இரண்டு நிமிடம் போனில் பேசாதீர்கள். நேரமாகிவிட்டால் பிள்ளை ஓரமாக நிற்கட்டும், ஆசான் கை காட்டியதும் உள்ளே போகட்டும். செருப்பை வெளியே விடுங்கள். கீழே கிடக்கிற கம்பைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள்.

அப்புறம், ஓரத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மகள் ஒருநாள் காலடி மாற்றித் தடுமாறியபோது, "வலது கால்!" என்று கத்திவிட்டேன். என் குரல் கேட்டு அவள் தலையைத் திருப்பிய அந்த அரை நொடியில், சுழன்று வந்த கம்பு அவள் கணுக்காலிலேயே விழுந்தது. இரண்டு நாள் வீக்கம். ஆசான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சுற்றும்போது பிள்ளையின் காதில் ஒரு குரல்தான் விழ வேண்டும், அது ஆசானுடையது. கைதட்டுவதானால்கூட சுற்று வரிசை முடிந்து கம்பு நின்ற பிறகு தட்டுங்கள்.

முதல் சில வாரங்கள் காலடி எடுத்து வைக்கப் பழகுவதிலேயே போகும். "எப்போ சார் கம்பு சுத்த விடுவீங்க?" என்று தினமும் கேட்காதீர்கள். கால் நிற்காமல் கை மட்டும் சுற்றினால், எதிரில் ஒருவர் வந்து நிற்கும்போது அந்தச் சுற்று எதற்கும் உதவாது.

வீடியோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். அடுத்தவர் பிள்ளை அதில் தெரிந்தால் அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

விரல் முட்டியில் அடிபடுவது சாதாரணம். பிள்ளை கையை உதறியதுமே ஓடிப் போகாதீர்கள், கம்புகள் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்துக்குள் நீங்கள் நுழைந்தால் ஆபத்து இரண்டாகும். ஆசான் எல்லோரையும் நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிடுவார். ஆனால் ஆசானே பிள்ளையை அடித்தாலோ, எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசினாலோ மரியாதை பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும், தனியாக, அன்றைக்கே கேளுங்கள். பெற்றோர் பார்க்கவே கூடாது என்கிற வகுப்பில் நான் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

போட்டி வந்துவிட்டால் நம் பொறுமை இன்னும் சோதிக்கப்படும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்ததிலிருந்து நிறைய வீடுகளில் பதக்கக் கனவு வந்திருக்கிறது, நல்லதுதான். இருவர் எதிரெதிரே ஆடும் தொடுபோட்டியில் கம்பு எதிராளியின் உடம்பில் பட்டால் புள்ளி. பட்டதா இல்லையா என்பது பக்கத்தில் நிற்கும் நடுவருக்குத் தெரிகிற அளவுக்குத் தூரத்தில் இருக்கிற நமக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஆசான் போய்க் கேட்பார், நீங்கள் களத்துக்குள் இறங்காதீர்கள். எதிரில் ஆடிய பிள்ளைக்கும் கைதட்டுங்கள், அதன் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்வதை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது.

கடைசியாக, வீட்டுக்குத் திரும்பும்போது. பைக்கில் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு உட்கார விடாதீர்கள், பக்கத்தில் வருகிற வண்டிக்காரர் மேல் இடித்துவிடும். உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.