கூடாரத்தில் தங்கும்போது களவு போகாமல் காத்துக்கொள்வது எப்படி?

தமிழக-கேரள எல்லையிலுள்ள கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க விரும்புவோரில் பலர், முதல் நாள் மாலையே சூரியநெல்லிப் பக்கம் கூடாரத்தில் தங்கி, விடியற்காலை நான்கு மணிவாக்கில் ஜீப் ஏறுகிறார்கள். திருட்டுக்கு அஞ்சி இரவில் உறங்காதவர்கள்கூட, கூடாரங்கள் அத்தனையும் ஒருசேர ஆளின்றிக் கிடக்கும் அந்த விடியல் நேரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

கூடார வாசல் ஜிப்பின் இரு முனைகளையும் சேர்த்துச் சிறு பூட்டுப் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. பிளேடு வைத்திருப்பவனுக்குத் துணிச்சுவர் ஒரு பொருட்டல்ல. வெளியே தொங்கும் பூட்டோ, உள்ளே ஆளில்லை என்பதை அவனுக்குச் சொல்லிவிடுகிறது. ஆகவே, கிளம்பும்போது போர்வையும் மாற்றுத்துணியும் தவிர வேறெதுவும் உள்ளே மிஞ்சக் கூடாது. நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, பணம், கைப்பேசி, வண்டிச் சாவி மூன்றையும் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, படுக்கும்போது அந்தப் பையை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. குளிரில் கைப்பேசியின் சார்ஜ் விரைவாக இறங்குவதும் இதனால் குறையும். ஷூக்களையும் வாசலில் விடாமல் பையில் சுற்றி உள்ளே வைக்கலாம்.

சாப்பாட்டுக் கொட்டகையில் ஒரே பிளக் பலகையில் பத்துப் பதினைந்து கைப்பேசிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். அப்படிச் செருகிவிட்டு நெருப்புக் காயப் போன ஓர் இரவில், என் கைப்பேசியை வேறொருவர் தம்முடையதென்று எடுத்துப்போய், கூடாரத்தில் திரையைப் பார்த்த பிறகே திரும்பக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் ஒரே கறுப்பு உறை. அன்றிலிருந்து பவர் பேங்க் இல்லாமல் நான் மலையேறுவதில்லை.

காரின் டிக்கியில் எதையேனும் வைப்பதானால் புறப்படும் இடத்திலேயே வைத்துவிட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் பலர் பார்க்க மடிக்கணினிப் பையை உள்ளே தள்ளுவது, அது இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். தின்பண்டங்களுக்கும் கார்தான் இடம். குரங்கு கூடாரத்தைக் கிழித்தால் யார்மீது புகார் கொடுப்பது?

பயணத்துக்கு முன்பே *#06# அழுத்தி, கைப்பேசிக் கருவியை அடையாளங்காட்டும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கைப்பேசி தொலைந்தால், காவல்துறையில் அளித்த புகாரின் நகலோடு மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் அந்தக் கருவியையே முடக்கக் கோரலாம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜீப் பாதை தொடங்கும் சூரியநெல்லியோ கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. எந்த மாநிலக் காவல் நிலையத்துக்குப் போவது என்று இங்கே குழம்ப வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, காவல்துறை நேரடியாக வழக்குப் பதியத்தக்க குற்றம் எங்கு நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் புகார் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தருவார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டே மலையிறங்குங்கள்.