முழங்கால் வீக்கம்: காரணம் சாக்ஸின் மடிப்பில் இருந்தது

வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 2 வாரம் ஆகியும், சாயங்காலமானால் கணுக்கால் வரை வீங்கிவிடும். ரத்தக்கட்டியோ என்று பயந்து ஸ்கேன் எடுத்தோம், இல்லை. ஐஸ் வைக்கும் நேரத்தைக் கூட்டினேன். சிங்கப்பூர் யீஷூனில் உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குள் நடப்பதையும் குறைத்தேன். மூட்டு இறுகியதுதான் மிச்சம்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்த்தது காலை இல்லை, ரத்தம் தேங்காமல் இருக்கத் தொடை வரை போடும் இறுக்கமான அழுத்தச் சாக்ஸை. “இதை யார் மடிச்சது, அங்கிள்?” என்றார். நான்தான். நழுவாமல் இருக்க மேல்விளிம்பை இரண்டாக மடித்திருந்தேன். பிரித்தால் தொடையைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, கயிறு கட்டி அவிழ்த்த தடம் போல. அந்த இறுக்கம் கீழே சேர்ந்த நீரை மேலே ஏற விடவில்லை.

சாக்ஸைச் சுருக்கமில்லாமல் போட்டேன். ஸ்டூலில் கால் நீட்டுவதை விட்டுவிட்டு, படுத்தபடி பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்குமாறு குதிகாலுக்கு அடியில் தலையணைகள் வைத்தேன். முழங்காலுக்கு அடியில் வைக்கக்கூடாது, மூட்டு மடங்கியே நின்றுவிடும். பாதத்தை மேலும் கீழும் அசைத்தேன். ஐஸ், துண்டில் சுற்றி 15 நிமிடம் மட்டும். வலி மாத்திரையை, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பயிற்சிக்கு அரைமணி முன்பு போட்டேன்.

ஐந்தாம் நாள் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் கெண்டைக்கால் திடீரென வலித்துச் சூடானாலோ மூச்சு வாங்கினாலோ இதையெல்லாம் செய்து பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.