எம்.ஆர்.ஐ.யில் அசைந்த தலை: இயந்திரக் கற்றலால் படத்தைச் சீர்செய்யத் தொடங்குவது எப்படி?

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவர் நடுவில் ஒரு முறை தலையை அசைத்தால் படம் மங்குவதோடு நிற்பதில்லை. மண்டையோட்டின் விளிம்பு அலையலையாக மூளைக்குள் வந்து படிகிறது. மறுபடி எடுக்கலாம்தான். ஆனால் சிறு குழந்தையோ பார்க்கின்சன் நோயாளியோ இரண்டாம் முறை மட்டும் அசையாமல் இருந்துவிடுவார்களா? அந்த அலைகளைக் குறைக்கும் சிறிய பயிற்சி ஒன்றைக் கீழே தருகிறேன். பைத்தான் நிரல்மொழியும் அதன் நம்பை (NumPy) நூலகமும் ஓரளவு பழகியிருந்தால் போதும். உலாவியிலேயே பைத்தான் இயக்க உதவும் கூகுள் கோலாபிலேயே செய்து பார்க்கலாம்.

பலரும் எடுத்த எடுப்பில், படத்தைச் சீர்செய்யக் கற்கும் நியூரல் நெட்வொர்க்கைக் கட்டப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், பாதி வேலைக்கு மேல் அதற்கு முன்பே இருக்கிறது. அசைவை நாம் எப்படிப் போலியாக உண்டாக்குகிறோமோ அதைத்தான் நெட்வொர்க் கற்கும்.

படி 1: தரவு

லண்டன் மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட ஐஎக்ஸ்ஐ தொகுப்பில் ஏறக்குறைய 600 பேரின் மூளைப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் டி2 படங்களை (நீர் பளிச்சென்று தெரியும் எம்.ஆர்.ஐ. வகை) நிபாபெல் என்ற பைத்தான் நூலகம் கொண்டு திறந்து, குறுக்குவெட்டுகளாகப் பிரித்து, 256×256 அளவுக்கும் 0 முதல் 1 வரையிலான மதிப்புக்கும் கொண்டுவாருங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் ஆட்களைப் பிரியுங்கள், வெட்டுகளை அல்ல. ஒரே ஆளின் அடுத்தடுத்த இரண்டு வெட்டுகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் இருந்தால் வரும் மதிப்பெண் வெறும் மாயை.

படி 2: அசைவை உண்டாக்குதல்

கருவி படத்தை நேரடியாக எடுப்பதில்லை. படத்தை வெவ்வேறு அதிர்வெண் அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் மாற்றத்தை, அதாவது கே-ஸ்பேஸை, வரிசை வரிசையாக நிரப்புகிறது. ஒரு வரிசையை அளக்கச் சில மில்லி விநாடிகளே ஆகும். எல்லா வரிசைகளும் நிரம்ப நிமிடங்கள் ஆகலாம். எனவே அசைவு பெரும்பாலும் வரிசைகளுக்கு இடையில்தான் புகுகிறது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் போலி நிழல்கள் வரிசைகள் அடுக்கப்படும் திசையிலேயே விழுவது இதனால்தான்.

இதைக் கையால் செய்து பாருங்கள். நல்ல படத்தின் ஃபூரியர் மாற்றத்தை எடுத்து, குறைந்த அதிர்வெண்கள் நடுவில் வரும்படி நகர்த்துங்கள். அதே படத்தை 4 பிக்சல் நகர்த்தி 3 பாகை திருப்பி, அதற்கும் மாற்றம் எடுங்கள். முதல் கே-ஸ்பேஸில் 150ஆம் வரிசையிலிருந்து கடைசி வரை அழித்துவிட்டு, இரண்டாவதிலிருந்து அந்த வரிசைகளை நகலெடுத்து ஒட்டுங்கள். தலைகீழ் மாற்றம் செய்து எண்ணளவை மட்டும் எடுத்தால், அசைந்த நோயாளியின் படம் தயார்.

இப்போது 150க்குப் பதில் 230 என்று போடுங்கள். மண்டையோட்டின் ஓரத்தில் மெல்லிய கோடுகள் தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது. 128க்கு அருகில் போட்டால் படமே குலைந்துவிடும். படத்தின் பெரும்பகுதி ஆற்றல் அந்த நடு வரிசைகளில்தான் இருக்கிறது. எவ்வளவு அசைந்தார் என்பதைவிட எப்போது அசைந்தார் என்பது பல நேரம் முக்கியமாகிவிடுகிறது.

டார்ச்ஐஓ நூலகத்தில் இதற்கென்றே ஆயத்தக் கருவி உண்டு. இருந்தாலும் ஒரு முறையாவது கையால் செய்யுங்கள். டர்போ ஸ்பின் எக்கோ போன்ற வேகமான எம்.ஆர்.ஐ. முறைகளில் வரிசைகள் தாண்டித் தாண்டி நிரப்பப்படும் என்பதால், எந்த வரிசைகளை நகலெடுப்பது என்பதை நீங்களே தீர்மானிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: பயிற்சி

மருத்துவப் படங்களுக்கென 2015இல் வந்த யூ-நெட் என்ற நெட்வொர்க் வடிவமைப்பு போதும், புதிதாக எதையும் தேட வேண்டாம். கெட்ட படத்தைக் கொடுத்து, முழுப் படத்துக்குப் பதிலாக அதிலுள்ள பிழையை மட்டும் கணிக்கச் சொல்லி, பிறகு கழித்துவிடுங்கள். கணிப்பு எவ்வளவு தவறியது என்று அளக்கும் இழப்புக்கு, கூட்டல் கழித்தல் குறி பாராமல் எடுத்த பிக்சல் வேறுபாடுகளின் சராசரி (எல்1) நன்றாக வேலை செய்யும். அசைவே இல்லாத படங்களையும் பயிற்சியில் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல படத்திலும் குறை கண்டுபிடித்து மழுப்பிவிடும்.

படி 4: சோதனை

சீர்செய்த படம் அசல் படத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளக்கும் எஸ்எஸ்ஐஎம், பிஎஸ்என்ஆர் என்ற இரண்டு மதிப்பெண்களையும் கணக்கிடுங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 2022இல் வெளியான எம்ஆர்-ஆர்ட் தொகுப்பில் 148 பேர் அசையாமலும் வேண்டுமென்றே தலையை அசைத்தும் எடுத்துக்கொண்ட படங்கள் இருக்கின்றன. அவை டி1 படங்கள் (நீர் கருமையாகத் தெரியும் வகை) என்பதால், ஐஎக்ஸ்ஐயின் டி1 படங்களைக் கொண்டு இன்னொரு முறை பயிற்சி கொடுத்துவிட்டு அவற்றைத் தொடுங்கள். ஒரே ஆளின் இரண்டு படங்களும் அப்படியே பொருந்தாது. சிம்பிள்ஐடிகே என்ற நூலகம் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தாமல் மதிப்பெண் கணக்கிட்டால், இடமாற்றத்தை எல்லாம் நெட்வொர்க்கின் தலையில் கட்டிவிடுவோம்.

கடைசியாக ஒரு சோதனை. இதைத் தவிர்த்தால் மீதி எல்லாம் வீண். நல்ல படத்தில், மூளையின் வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த உட்பகுதி) பகுதியில் நாலைந்து பிக்சல் அகலத்தில் ஒரு பிரகாசமான புள்ளி வையுங்கள். அதன் பிறகு அசைவைச் சேர்த்து, நெட்வொர்க்குக்குக் கொடுங்கள். பயிற்சியில் அது பார்த்தவை நலமான மூளைகளே. அதனால் அந்தப் புள்ளியையும் பிழை என்று துடைத்துவிடலாம். பளிச்சென்ற படம் கிடைக்கும், நோய்க்கான தடயம் காணாமல் போயிருக்கும். அப்படி நடந்தால் பயிற்சிப் படங்களில் பாதிக்கு, அசைவு சேர்ப்பதற்கு முன் இதுபோன்ற புள்ளிகளை வெவ்வேறு இடங்களில் வைத்து மறுபடி பயிற்சி கொடுங்கள். அசைவுக்கு முன் நிரப்பப்பட்ட வரிசைகள் எவை என்று தெரிந்தால், நெட்வொர்க் தந்த படத்தின் கே-ஸ்பேஸில் அவற்றை மட்டும் கருவி அளந்த மதிப்புகளாலேயே மாற்றிவிடலாம். கற்பனைக்கு இருக்கும் இடம் அந்த அளவுக்குக் குறையும்.