அம்பாசிடர் பானட்டுக்குள் புது வயரிங்

போன ஆனிச் சாரலுக்குக் குற்றாலம் போய்விட்டுத் திரும்பும்போது, ஆலங்குளம் தாண்டியதும் பானட் இடுக்கில் புகை. திறந்தால், ஹெட்லைட் லைனில் வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி வயரை யாரோ முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். இன்ஜின் அதிர்வுக்கு அந்தக் கம்பி ஒடியும்; ஒடிந்த முனை பாடியைத் தொட்டால் புகைதான். 1984 மார்க் 4 வண்டி, எத்தனை கை மாறியதோ! பாளையங்கோட்டை வந்து சேர்ந்ததும், இன்ஜின் பக்கம் மொத்தத்தையும் மாற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் பேட்டரி. பாடிக்குப் போகும் எர்த் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. மிகப் பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த்; அதனால் கேபிள் எங்கே போகிறது என்று பார்த்துக் கழற்றுங்கள்.

அடுத்து, கட்டிங் பிளேயரைத் தூர வையுங்கள். வெட்டாமல் ஒவ்வொரு முனையாகக் கழற்றி, மருந்துக்கடைப் பிளாஸ்திரியில் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். சாதாரண டேப் எண்ணெய்க் கையில் நிற்காது. வெளியே எல்லா வயரும் ஒரே கரி நிறமாகத்தான் தெரியும். சுற்றியிருக்கும் டேப்பைக் கீறினால் உள்ளே நிறம் பத்திரமாக இருக்கும். பிரிட்டிஷ் மின்சாமான் கம்பெனி லூகாஸின் நிற முறைப்படி, பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, அதற்குப் பியூஸ் கிடையாது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. பச்சை, அதே வெள்ளை பியூஸ் தாண்டிப் போவது. கறுப்பு எர்த். டைனமோ வண்டி என்றால், டைனமோவின் டி, எஃப் முனைகளுக்குப் போகும் வயர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிடாதீர்கள். தடித்த வயர் டி.

கழற்றிய வயர்க் கட்டு முழுவதையும், தாத்தா வீட்டுப் பழைய கதவைக் கிடத்தி அதன்மேல் விரித்தேன். கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அடித்து, அதே தடத்தில் புது வயரை ஓட்டினேன். வண்டிக்குள் குனிந்து அளந்தால் கடைசியில் நாலு விரல் குறையும், கதவில் குறையாது.

வயர் வாங்கும்போது பல இழை ஆட்டோ வயர் என்று கேட்டு வாங்குங்கள். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 10. ஒவ்வொரு பல்புக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர், இரண்டுக்கும் சேர்த்து வரும் லைனுக்கு 2.5 போட்டேன். கூடவே பியூஸும், சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ரிலேயும் வைத்தால் டேஷ்போர்டு ஸ்விட்ச் சூடாகாது. வயர் முனையில் மாட்டும் உலோக லக்குகளை நல்ல கிரிம்ப் பிளேயரால் அழுத்துங்கள். ஈயம் வைத்தால் பலம் என்பார்கள். ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, அங்கேயே ஒடியும் என்பது நான் கண்டது. சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். தகட்டில் ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் கிராமட் (ஓட்டை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) இல்லாமல் நுழைக்கவே கூடாது.

எல்லாம் மாட்டியும் ஹெட்லைட் மங்கலாகவே எரிந்தது. வண்ணார்பேட்டை எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "புது வயரு போட்டீரு சரி, எர்த்த பாத்தீரா வே?" என்றார். பார்க்கவில்லை. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் பின்னல் பட்டை பச்சை பூத்திருந்தது. லைட்டின் எர்த் போல்ட் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதும் வெளிச்சம் வந்துவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வேலை முடிந்து பேட்டரியை முதல்முறை மாட்டும்போது நேராக மாட்டாதீர்கள். எர்த் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை வையுங்கள். எல்லா ஸ்விட்சும் அணைத்திருக்கும்போது பல்பு பளீரென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். வயர் கருகுமுன் பல்பு காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அது லேசாகச் சிவந்தது. ஒரு மணி நேரம் ஒவ்வொரு லைனாகக் கழற்றித் தேடினேன். கடைசியில் பார்த்தால் கதவு சரியாக அடைபடாமல் ரூம் லைட் எரிந்துகொண்டிருந்தது.