தீவுக் கடற்கரையில் ஒரு நாள்: வெளிநாட்டில் தன்னார்வப் பணி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரக்கணக்கில் பள்ளியிலோ மருத்துவ முகாமிலோ ஓடியாடி வேலை பார்த்துவிட்டு, கிடைத்த ஒரு விடுமுறையில் பக்கத்துத் தீவுக்குக் கிளம்புகிறீர்கள். அந்த ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பதுதான் முதல் தவறு. நாலு தீவு, ஒரு மலையேற்றம், இரண்டு இடத்தில் ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழல் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) என்று திட்டம் போட்டால், போனதைவிடக் களைத்துத்தான் திரும்புவீர்கள். ஒரே கடற்கரை போதும், அதில் நிழலான ஓர் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

திரும்பும் படகைப் பற்றி யோசிக்காமல் இறங்கிவிடுவது அடுத்த தவறு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து என்பதைக் கரையில் கால் வைத்ததுமே படகுக்காரரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பாறையும் பவளமும் உள்ள கரைகளில் நீர் வற்றும் நேரத்தில் படகு பக்கத்தில் வராது. இறங்கிய இடத்திலேயே திரும்ப ஏறலாம் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பல இடங்களில் மதியத்துக்குமேல் கடற்காற்று வலுத்து அலையும் கூடும். அதனால் கடைசிப் படகை விட்டுவிட்டு, அதற்கு முந்தையதைக் குறிவையுங்கள். அது தவறினாலும் கைவசம் இன்னொன்று இருக்கும். கூட்டம் பிதுங்கும் படகிலும், லைஃப் ஜாக்கெட் தராத படகிலும் ஏறவே ஏறாதீர்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் சரி.

வெயில் விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். மேகம் மூடியிருந்தால் பயமில்லை என்பது தப்பு. மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர் பெரும்பாலும் தாண்டி வந்துவிடும். தண்ணீருக்குள் இருக்கும்போது உடம்பு குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கன்றுவதே தெரியாது. முகத்தைக் கீழே வைத்து மீன் பார்த்துக்கொண்டே மிதப்பவர்களுக்கு முதுகும், முழங்காலின் பின்பக்கமும், காதின் பின்புறமும்தான் முதலில் சிவக்கும். மலேரியா வராமல் தடுக்க டாக்சிசைக்ளின் சாப்பிடுபவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாத்திரை வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைப்பதால், வழக்கமாக ஒன்றும் செய்யாத வெயிலிலேயே தோல் வெந்துபோகலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முழுக்கைச் சட்டையோடு நீந்துங்கள், உச்சி வேளையில் நிழலில் இருங்கள். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடியும் பூச வேண்டும். வாங்கும்போது அதில் என்ன கலந்திருக்கிறது என்றும் பாருங்கள். பவளத்தைப் பாதிக்கும் என்பதால் ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் உள்ளவற்றைப் பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதல் தடை செய்திருக்கிறது. ஹவாயில் 2021 முதல் அவற்றை விற்பதற்குத் தடை இருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டால் பூச வேண்டிய அளவும் குறையும், பவளத்துக்கும் நல்லது.

கடலில் இறங்கும்போது, இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால், அதுதான் பாதுகாப்பான இடம் என்று தோன்றும். பல நேரம் அங்கேதான் நீரோட்டம் ஆளைக் கடலுக்குள் இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டிமோதாதீர்கள், சக்திதான் வீணாகும். மிதந்தபடி பதறாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். தனியாக இறங்காமல் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

அப்புறம், யாரிடமும் சொல்லாமல் கிளம்புவது. எந்தத் தீவு, எப்போது திரும்புவீர்கள் என்று உங்கள் ஒருங்கிணைப்பாளரிடமோ அறைத் தோழரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது பவளத் துண்டையோ சங்கையோ பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். கற்பவளங்கள் (கல் போன்ற கடினமான கூடுள்ள பவளங்கள்) சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. கரையில் செத்துக் கிடந்த துண்டுதானே என்று எடுத்தால்கூட, நாடு திரும்பும் அன்று விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிவரலாம்.