பூட்டிக் கிடந்த வீட்டில் பழைய துப்பாக்கி கிடைத்தால்

செட்டிநாட்டில், முன்னோரை வணங்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் கூடி வீட்டைத் திறக்கிறார்கள். பெட்டகத்தின் அடியில், துணியில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அகப்படுகிறது. ஐயா காலத்தில் ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்திருக்கலாம். உரிமம் யார் பெயரில் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் வரிசையாகச் செய்ய வேண்டியவை சில, செய்யவே கூடாதவை சில.

முதலில், அதற்குள் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பிக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். குதிரையை (குழலின் பின்னால் உள்ள சுத்தியலை) இழுத்துப் பார்க்க வேண்டாம். குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி என்றால் இன்னும் கவனம் தேவை. காய்ந்த கரிமருந்து எத்தனை ஆண்டு கழித்தும் பற்றிக்கொள்ளும். அதனால் குழலுக்குள் கம்பி விட்டுக் குத்துவதோ வெயிலில் போடுவதோ கூடாது. தோட்டாக்கள் கிடந்தால் எண்ணிக் குறித்துக்கொண்டு அப்படியே விடுங்கள். ஆயுதச் சட்டம் அவற்றுக்கும் பொருந்தும்.

அடுத்து, துருவைத் தேய்க்காதீர்கள். எமரித் தாள் போட்டால் இரும்பில் வெட்டிய எண்ணும் சேர்ந்தே போய்விடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாகச் சட்டம் கருதும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. நல்ல எண்ணத்தில் செய்த துப்புரவு வழக்காக மாறுவது இங்கேதான். தூசியை மெல்லிய துணியால் தட்டுங்கள், போதும். விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் வால்பகுதியில் பெரும்பாலும் எண் இருக்கும். அதையும் குழல் மேலுள்ள தயாரிப்பாளர் பெயரையும் வெளிச்சம் சாய்வாக விழும்படி படம் எடுங்கள்.

அந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்றால், உலக நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடுகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. ஐ.நா. பொதுச்சபை 2001 மே 31-ல் ஏற்ற துப்பாக்கி நெறிமுறை 2005 ஜூலை 3-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2011-ல் சேர்ந்தது. தயாரிக்கும்போதே தயாரிப்பாளர் பெயர், செய்த நாடு அல்லது இடம், வரிசை எண் மூன்றையும் பதிக்க வேண்டும் என்கிறது அது. துப்பாக்கி யார் யார் கைக்குப் போனது என்று தேட உதவும்படி 2005 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற தடமறிதல் ஆவணம், தயாரிப்புப் பதிவேடுகளை 30 ஆண்டும் மற்றப் பதிவேடுகளை 20 ஆண்டுமாவது வைத்திருக்கச் சொல்கிறது. நூறாண்டுப் பழைய துப்பாக்கிக்கு அந்தப் பதிவேடுகள் எங்கும் கிடைக்காமல் போகலாம். இரும்பில் உள்ள எண்ணும் உங்கள் வீட்டு இரும்புப்பெட்டியில் உள்ள தாளுமே மிச்சம். 2017 இறுதியில் உலகப் பொதுமக்கள் கையில் சுமார் 85.7 கோடித் துப்பாக்கிகள் இருந்ததாக ஜெனீவாவின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே கணித்தது. பெட்டகங்களில் உறங்குபவையும் திருட்டுப் போனால் அந்தக் கணக்கின் இருண்ட பக்கத்தில் சேர்ந்துவிடும். ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த ஊர்களில் இது வெறும் பேச்சல்ல.

“பழம்பொருள்தானே, உரிமம் எதற்கு?” என்று யாராவது கேட்பார்கள். நெறிமுறையின் கணக்கில் 1899-க்குப் பின் செய்த எதுவும் பழம்பொருள் ஆகாது. பர்மிங்காம் துப்பாக்கியின் குழல் அடியில் கிரீடத்தின் கீழ் ‘என்.பி.’ என்ற சோதனை முத்திரை இருந்தால், அந்த முத்திரை 1904-க்குப் பிந்தியது. குழலைக் கழற்றினால்தான் அது தெரியும். அதை உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ காவல்துறை ஆயுதப் பணியாளரிடமோ விடுங்கள். நம் சட்டம் இன்னும் கடுமையானது. 45-வது பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு மட்டுமே. வயது மட்டும் காப்பாற்றாது. சுடாதபடி ஆக்குகிறேன் என்று லேத் பட்டறையில் குழலை அறுத்தால் அதுவே தனிக்குற்றம்.

ஆகவே தாமதிக்காமல் 21-வது பிரிவுப்படி ஒப்படையுங்கள். தூக்கிக்கொண்டு பஸ்ஸிலோ காரிலோ கிளம்ப வேண்டாம். உங்கள் சரகக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, கண்டெடுத்த நாள், இடம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றுடன் கடிதம் எழுதி, அவர்கள் சொல்லும்படி செய்யுங்கள். ரசீதில் தயாரிப்பாளர், போர் (குழல் துளை) அளவு, எண், தோட்டா எண்ணிக்கை, தேதி, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். “பழைய துப்பாக்கி 1” என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பிறகு எந்தத் துப்பாக்கி உங்களுடையது என்று காட்ட வழியிராது. எத்தனை நாளுக்குள் தீர்வு காண வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கெடு தாண்டினால் அரசுடைமையாகிவிடும்.

இடையில் பழைய பேரேடுகளைப் புரட்டுங்கள். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வாங்கிய உரிமப் புத்தகம் அதில் செருகியிருக்கலாம். கிடைத்தால் வாரிசு உரிமம் கேட்பது எளிது. 2016 ஆயுத விதிகளின் 25-வது விதி, உரிமதாரர் இறந்த பின் சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் தர இடம் கொடுக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் என்றால் சிவகங்கை ஆட்சியர், ராயவரம், அரிமளம் பக்கம் என்றால் புதுக்கோட்டை ஆட்சியர் என்று அவரவர் ஆட்சியரிடம் கேட்க வேண்டும். தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகள் அத்தனை பேரின் சம்மதக் கடிதமும் தயாராக இருக்கட்டும். இந்த ஊர்களில் காரியம் இழுபடுவது பெரும்பாலும் இங்கேதான்: எட்டுப் புள்ளி (எட்டுக் குடும்பம்) உள்ள வீட்டில் ஒருவர் சிட்னியில் இருப்பார், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லாமல் இருப்பார். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். பரம்பரைச் சொத்தும் அதில் அடக்கம். உரிமமின்றி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை.

தூண், கதவு, பீங்கான் விற்பதுபோல இதைப் பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆயுத உரிமம் இல்லாதவருக்கு விற்பது இருவருக்குமே குற்றம். வெளிநாட்டுப் பிள்ளைகள் நினைவாகக் கேட்டாலும் கொடுத்தனுப்ப முடியாது: நூறாண்டு தாண்டிய பழம்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது; அதற்குக் குறைந்த வயது என்றால் அனுப்பும் நாடு, பெறும் நாடு இரண்டின் அனுமதியும் வேண்டும். குழலை மட்டும் கழற்றி அனுப்பினாலும் அதே கதைதான். நெறிமுறையும் நம் சட்டமும் பாகங்களைத் துப்பாக்கியோடு சேர்த்தே கட்டுப்படுத்துகின்றன.